சுல்தானுக்கு முடி வெட்டினால் என்ன குறைந்துவிடும்?

முடி விஷயத்தில் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. கீழ்வேளூரில் முடிதிருத்தகம் வைத்திருக்கிறேன். அப்பா கேடிலியப்பர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் திண்ணை திண்ணையாகப் போய் வேலை செய்தவர். எனக்குக் கடையும் கண்ணாடியும் சுழல் நாற்காலியும் வாய்த்தன. குழந்தைக்கு முதல் மொட்டை, மாப்பிள்ளைச் சவரம், கருமாதி என்று ஒரு மனிதனுக்கு முடியால் வருகிற வேலை அத்தனையும் செய்தாயிற்று. இப்போது ஒரு பூனையும் என் வாடிக்கை. செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை. அன்று காலை வெயில் ஏறுவதற்குள் அதன் வீட்டுக்கே போய் வேலை பார்க்கிறேன்.

ஊரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் சிரித்துவிட்டு எல்லோரும் சொல்கிற வார்த்தையைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை: "பூனைக்கு எதுக்குப்பா இதெல்லாம், அது தானா நக்கி நக்கிச் சுத்தமா வச்சுக்குமே."

நாட்டுப் பூனைக்கு அது பெரும்பாலும் கடைசிவரை சரி. நம் பக்கத்தில் பூனையை யாரும் அழகுக்கு வளர்த்ததில்லை. பத்தாயத்தில் நெல் இருந்தது, நெல்லைத் தேடி எலி வந்தது, எலிக்காகப் பூனை இருந்தது. அதற்கு அரை விரல் நீளம்கூட முடி கிடையாது. சேற்று வரப்பில் இறங்கி வந்தாலும் திண்ணையில் உட்கார்ந்து நக்கினால் முடிந்தது. அந்தப் பூனையைப் பார்த்துப் பழகிய கண்ணோடு, காலில் புதர்போல முடி தொங்கும் பாரசீகப் பூனையையும் பார்க்கிறோம். அதிலும் அது கிழடாகிவிட்டால், தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் என்று காத்திருப்பது கொடுமை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது இவ்வளவுதான்: நீளமுடிப் பூனைக்கு வயதாகிவிட்டால் முடியைக் குறையுங்கள், அதன் உடம்பைச் சுத்தம் செய்யும் வேலையை உங்கள் கைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அழகு போகும். போனால் போகட்டும்.

நான் வேலை பார்க்கும் பூனையின் பெயர் சுல்தான். 2011 டிசம்பர் கடைசியில் கடலூர்ப் பக்கம் தானே புயல் அடித்ததே, அந்த வாரத்தில் சென்னையிலிருந்து ரயிலில் குட்டியாக வந்தது. வாங்கி வந்தது ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரின் மகன். பின்னால் அவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. பூனை அம்மாவிடம் தங்கிவிட்டது. டெல்டாவில் இது புதிய கதை இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் வயதானவர்கள், அவர்களோடு சேர்ந்து வயதாகிற நாயோ பூனையோ ஒன்று. பராமரிப்பு முழுக்க முட்டிவலிக்காரர்கள் தலையில்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டபோது பூனையை என்று சொல்லவில்லை. "தம்பி, மெஷினை எடுத்துட்டு ஒரு நடை வீட்டுக்கு வாப்பா" என்றார். யாரோ உறவுக்காரர் படுக்கையாகக் கிடக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துப் போனேன். பார்த்தால் கட்டிலுக்கடியில் சுல்தான். வாலடியில் முடி முழுக்கச் சடை. மலம் காய்ந்து முடியோடு ஓடாகியிருந்தது. முதுகின் பின்பாதியில் கையை வைத்தால் பூனை தட்டுப்படவில்லை, கம்பளித் துண்டு ஒன்றைத் தடவுவதுபோல் இருந்தது. கிட்டப் போனால் வாடை. "வாங்கும்போதே கடைக்காரர் சொன்னாராம், இதுக்கு முடியை மட்டும் வெட்டவே கூடாதுன்னு. நானும் அதையே பிடிச்சுக்கிட்டு இருந்துட்டேன்" என்றார் டீச்சர். விற்கிறவர் குட்டியைப் பார்த்துச் சொல்கிறார். கிழடான பிறகு என்ன செய்வது என்று அவரை யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பூனையின் நாக்கில் முள் முள்ளாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹு என்ற இருவர் அதை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். வீட்டுப் பூனையிலிருந்து புலி, சிங்கம் வரை நாக்கு முட்களைப் பார்த்திருக்கிறார்கள். அந்த முள்ளின் நுனி கரண்டிபோலக் குழிந்திருக்கிறதாம். அந்தக் குழியில் எச்சில் ஏறி, முடிக்குள் இறங்கித் தோல்வரை போய் நனைக்கிறது. அழுக்கை எடுப்பதும் சூட்டைத் தணிப்பதும் அதே எச்சில்தான். சிங்கம்வரைக்கும் சரியாக நடக்கிற இந்த ஏற்பாடு, பாரசீகப் பூனையிடம் தோற்றுவிடுகிறது. அதன் முடி அவ்வளவு நீளம், அவ்வளவு அடர்த்தி. முள் தோலைத் தொடுவதில்லை. அதாவது வாலிப வயதிலேயே அதனால் தன் உடம்பை முழுசாகச் சுத்தம் செய்ய முடியாது. சீப்பு பிடிக்கிற மனிதக் கை ஒன்று கூடவே இருந்தாக வேண்டும்.

இதை டீச்சரிடம் சொன்னபோது அவர் கம்பனிடம் போய்விட்டார். இராமாயணம் பாடப்போகிற தன்னை, பாற்கடலை நக்கிக் குடித்துவிடலாம் என்று கிளம்பிய பூனையாகச் சொல்லிக்கொண்டானே கம்பன், அந்தப் பூனைதான் இது என்றார். "இதுக்குப் பாற்கடலே அதோட உடம்பு தம்பி." தமிழ் வாத்தியார் வீட்டில் வேலை பார்த்தால் இப்படியும் கூலி கிடைக்கும்.

வயதானதும் இன்னொன்று சேர்கிறது. மூட்டுவலி. பன்னிரண்டு வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து 2002இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. அவற்றில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. பூனை நொண்டாது, கத்தாது. வலியை மறைப்பதில் அதற்கு ஈடு கிடையாது. முதுகை வளைத்து வாலடியை நக்குவதை மட்டும் நிறுத்திவிடும். அதனால்தான் சடை எப்போதும் இடுப்புக்குப் பின்னாலேயே தொடங்குகிறது. என் கடைக்கு வருகிற பெரியவர்கள் சிலரால் கையைத் தூக்கிப் பின்னந்தலையைச் சீவ முடியாது. முன்பக்கம் படிய வாரியிருக்கும், பின்பக்கம் கோழிக்கூடுபோல இருக்கும். அதைப் பார்த்து அவருக்குச் சோம்பல் என்று யாராவது சொல்வோமா?

மூட்டு மட்டும் காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பல் நோய், ஈறு வீக்கம் இருந்தால் நாக்கை நீட்டவே வலிக்கும். சிறுநீரகம் கெட்டால், சர்க்கரை வந்தால் பூனை ஒடுங்கிப்போய் எதையும் செய்யாது. உடம்பு பருத்திருந்தால் வாலடிவரை தலை எட்டாது. ஆகவே என்னை மாதிரி ஆளைக் கூப்பிடுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். டீச்சரும் பிறகு காட்டினார். தண்ணீர் நிறையக் குடிக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா என்றுதான் மருத்துவர் முதலில் கேட்டாராம். முடியைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வந்தது.

இனி அந்தச் சடைக்குள் என்ன இருக்கும் என்று சொல்கிறேன், சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். சடை ஒவ்வொன்றும் தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். பூனை நடந்தாலும் படுத்தாலும் இழுக்கும். அடியில் காற்று போகாது. ஐப்பசி, கார்த்திகையில் நாகப்பட்டினம் பக்கத்துக் காற்று எப்படி இருக்கும் என்பது கொடியில் துணி காயப்போடுகிறவர்களுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழைதான் எங்களுக்கு மழை. அந்த ஈரத்தில் சடைக்கடியில் தோல் வெந்து சிவந்து, நீர் கசியும். மலம் ஒட்டிய முடியைத் தேடி ஈ வந்து முட்டையிடும். ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்து புழு வைத்துவிடும். மாட்டுக்கும் நாய்க்கும் புழு வைத்துப் பார்த்திருப்பீர்கள். பூனைக்கு வைத்தால் வெளியே தெரிவதற்குள் நிலைமை முற்றிவிடும், முடி மூடியிருப்பதால். சுல்தானுக்குப் புழு இல்லை. தோல் மட்டும் பல இடத்தில் புண்ணாகியிருந்தது. படுக்கையில் கிடக்கிற பெரியவர்களுக்குச் சவரம் செய்யப்போய் நான் பார்த்திருக்கிற முதுகுப் புண் ஞாபகம் வந்தது.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில்தான் வீட்டில் உள்ளவர்கள் பூனையைக் காயப்படுத்திவிடுகிறார்கள்.

கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். முப்பது நாற்பது வருடம் கத்தரி பிடித்தவன் சொல்கிறேன். சடையைக் கையால் தூக்கினால் தோலும் கூடவே கூடாரம்போல எழும்பி வரும். முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கிழட்டுப் பூனையின் தோல் மெல்லிசு, இழுவையும் இருக்காது. வெட்டுப்பட்டால் விரல் நீளத்துக்குப் பிளந்துகொள்ளும். தையல் போட வேண்டிவரும். மெஷின்தான் சரி. அதுவும் சத்தம் குறைந்த சின்ன டிரிம்மர். பிளேடு தோலுக்குப் படுக்கையாகப் போக வேண்டும், குத்தலாக நிறுத்தக் கூடாது. ஒரு கையால் தோலைத் தட்டையாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, சடையின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக நுழைய வேண்டும். அக்குள், தொடை இடுக்கு, வயிற்றுக் காம்பு ஆகிய இடங்களில் அவசரமே கூடாது. பிளேடு ஓட ஓடச் சூடாகும். நிமிடத்துக்கொரு தரம் என் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பேன். எனக்குச் சுட்டால் அதற்குத் தீயும்.

சடை சின்னதாக, தோலிலிருந்து தள்ளி இருந்தால் வெட்டக்கூட வேண்டாம். கொஞ்சம் சோள மாவைத் தூவி, விரலால் பிரித்து, பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி வேருக்கு வர வேண்டும். வேரை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டால் இழுவை தோலுக்குப் போகாது. நீளக் கூந்தல் உள்ள பெண்பிள்ளைகளின் அம்மாக்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைக்கக் கூடாது. சுல்தானுக்குப் பத்து நிமிடம்தான் பொறுமை. வால் நுனி படபடவென்று அடிக்கத் தொடங்கினால் மெஷினை நிறுத்திவிடுவேன். முதல் வாரம் வாலடி மட்டும், அடுத்த வாரம் பின்தொடை, அப்புறம் வயிறு என்று போனோம். மல்லாக்கப் போட்டு அமுக்கிப் பிடிக்கிற வேலையே கிடையாது. மூட்டுவலிக்காரனை முறுக்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? டீச்சர் மடியில் பழைய துண்டு விரித்து, பக்கவாட்டில் சாய்த்துக்கொள்வார். முன்பக்கம் அவர் பொறுப்பு, பின்பக்கம் என் பொறுப்பு. கொஞ்சம் வேகவைத்த மீன் அவர் கையில் இருக்கும். அது இல்லாமல் இந்த வைபவம் நடக்காது. சடை தோலோடு ஒட்டி, உடம்பு முழுக்கப் பரவிவிட்டிருந்தால் வீட்டில் முயலவே வேண்டாம். அதற்கு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும், கிழட்டுச் சிறுநீரகத்துக்கு எந்த மருந்து தாங்கும் என்று மருத்துவர்தான் சொல்ல முடியும்.

என்ன கட்டிங் என்று கேட்பவர்களுக்கு: முழு மொட்டை இல்லை. முதுகில் சீப்பு மாட்டி ஒரு விரல் உயரம் விட்டிருக்கிறேன். வயிறு, அக்குள், பின்தொடை, வாலடி, வாலின் தொடக்கம் இவை மட்டும் ஒட்ட வெட்டியது. "முடியை எடுத்தா வெயில் தாங்காதே" என்று கேட்கிறவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. தோல் தெரிய வழித்த பூனையை, அதிலும் வெள்ளைப் பூனையை, வெயிலில் விட்டால் தோல் கருகும். மார்கழிப் பனியில் கிழட்டு உடம்பு நடுங்கும். அதற்காகத்தான் முதுகை விடுவது. மற்றபடி மலம் படுகிற இடத்தில் முடி இருந்துதான் ஆக வேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

வெட்டிய பிறகு தினப்படி வேலை சுலபம். வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பருத்தி வேட்டித் துணி. காலையில் ஒரு தரம் வாலடியைத் துடைத்து, உடனே ஈரம் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இந்தச் சப்பை மூக்குப் பூனைகளுக்குக் கண்ணிலிருந்து நீர் வடிந்து மூக்கோரம் பழுப்பாகும், ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு என்று தனித்தனியாகத் துடைக்க வேண்டும். சாப்பாட்டைக் குழிந்த கிண்ணத்தில் வைக்காமல் தட்டில் வைத்தால் முகமுடியில் பாதி ஒட்டாது. குளிப்பாட்டுவது அடிக்கடி தேவையில்லை. குளிப்பாட்டினால் அடிமுடிவரை காய வேண்டும். மழைக்காலத்தில் அது காயாது, காயாவிட்டால் படர்தாமரை வரும். பாரசீகப் பூனைகளுக்கு அது சுலபமாக வருகிற நோய், அங்கிருந்து மனிதர்களுக்கும் தொற்றும். சலூன்காரனுக்குப் படர்தாமரை என்றால் எமன். அதனால் சுல்தானின் மெஷினும் சீப்பும் டீச்சர் வீட்டு அலமாரியிலேயே இருக்கின்றன, கடைக்குள் வருவதில்லை. "பூனைக்குப் போட்ட மெஷினையா எனக்கும் போடுறீங்க?" என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணாடியில் என்னை முறைத்த வாடிக்கையாளருக்கும் இதுதான் பதில்.

நகத்தையும் பார்க்க வேண்டும். கிழட்டுப் பூனை மரத்தில் நகத்தைப் பிறாண்டுவதில்லை. நகம் வளைந்து வளர்ந்து பாதத்துக்குள்ளேயே குத்தி இறங்கிவிடும். நீளமுடிக்கடியில் அதுவும் தெரியாது. வெளிச்சத்தில் பிடித்தால் நகத்துக்குள் இளஞ்சிவப்பாக ரத்த நாளம் ஓடுவது தெரியும், அதைத் தொடாமல் நுனியை மட்டும் நறுக்க வேண்டும். நகம் எடுப்பதும் எங்கள் தொழிலில் பழைய பங்குதான், அப்பாவின் பெட்டியில் அதற்கென்றே ஒரு உளி இருந்தது.

மலம் கழிக்கிற தொட்டியை நிறையப் பேர் கவனிப்பதில்லை. விளிம்பு உயரமாக இருந்தால் முட்டிவலிப் பூனை உள்ளே இறங்காது, வாசலிலேயே இருந்துவிட்டுப் பின்பக்கம் முழுக்கப் பூசிக்கொள்ளும். டீச்சர் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ அறுத்துவிட்டார். உள்ளே போட எங்கள் ஊரில் உமி மலிவு, ஆனால் நீளமுடியில் அப்பிக்கொண்டு வீடு முழுக்க வரும். கடையில் விற்கிற, ஈரம் பட்டால் கட்டியாகிற மண்ணும் விரலிடுக்கு முடியில் உருண்டையாகப் பிடித்துக்கொள்ளும். பருமணல் தேவலை. டெல்டாவில் மணல் என்ன விலை விற்கிறது என்பது வேறு கட்டுரை.

எதைப் பூசக் கூடாது என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் எல்லார் கையிலும் ஒரு வைத்தியம் இருக்கிறது. தண்ணீரில் விட்டால் பால்போல வெளுக்கிற கிருமிநாசினி, பினாயில், கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெய், வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம். பூனையின் கல்லீரலுக்கு இந்த வகைப் பொருள்களை முறிக்கும் சக்தி மிகக் குறைவு. மேலே பூசியதை அது நக்கி உள்ளே தள்ளிவிடும். பேனுக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் நாய்க்கென்று விற்கிற பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கு விட்டால் வலிப்பு வந்து செத்துப்போகும். தெள்ளுப்பூச்சிக்குப் பேன் சீப்பே பாதி மருந்து, மீதியை மருத்துவர் எழுதித் தருவார். எல்லாவற்றையும்விட முக்கியம், மூட்டுவலிதானே என்று நம் வீட்டுப் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரை போதும், பூனை பிழைக்காது.

பிறாண்டினால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்ட வேண்டும். பூனைக்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். சுல்தானின் சீட்டைப் பார்த்த பிறகுதான் நான் மெஷினை எடுத்தேன். டீச்சருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தொழில் தொழில்தான்.

இவ்வளவு தொல்லை கொடுக்கிற முடி எங்கிருந்து வந்தது? 1620 வாக்கில் பியத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி, பாரசீகத்தின் குராசான் பகுதியிலிருந்து நீளமுடிப் பூனைகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார் என்று சொல்வார்கள். மனிதர் பிறகு நம் மேற்குக் கரையில் கோழிக்கோடு வரைக்கும் வந்து போனவர். 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் என்பவர் பெரிய பூனைக் கண்காட்சி நடத்தினார், பரிசுகள் கொடுத்தார்கள். அதன் பிறகு நூற்றாண்டுக்கு மேலாக முடி இன்னும் நீளமாக, மூக்கு இன்னும் சப்பையாக என்று மனிதர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதுதான் இன்றைய உருவம். குளிர்ப் பிரதேசத்து உடுப்பு. அதைத் தைத்தவர்களும் மனிதர்கள், கீழ்வேளூர்ப் புழுக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களும் மனிதர்கள். அந்தப் பூனை ஒருநாளும் கேட்டதில்லை. கிழவயதில் கழற்றிவிடுங்கள் என்று அது கேட்கத் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவே. "முடி போனா அசிங்கமா இருக்குமே, பையன் வீடியோவில் பார்த்தா என்ன சொல்லுவான்" என்று டீச்சர்கூட முதலில் தயங்கினார். பையன் சிங்கப்பூரிலிருந்து பார்த்துச் சிரித்தார், அதோடு சரி. சுல்தான் அன்று சாயங்காலம் நாற்காலிமேல் ஏறி உட்கார்ந்ததை டீச்சர் எனக்குப் போன் போட்டுச் சொன்னார். வெகுநாளாக ஏறாத நாற்காலி.

டீச்சர் வீட்டுப் பூனைக்கு ஆள் கிடைத்தது. மற்றவற்றுக்கு? பேருந்து நிலையம், மார்க்கெட் பக்கமெல்லாம் இப்போது அழுக்குப் பஞ்சுமூட்டைபோல நீளமுடிப் பூனைகள் தென்படுகின்றன. குட்டியாக ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவை. வாடை அடிக்கத் தொடங்கியதும் இரவோடிரவாகக் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். தெருவில் அது ஒரு மழைக்காலம் தாண்டாது. பட்டினியாலும் தாகத்தாலும் வதைபடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். என் கடையில் ஒரு கட்டிங் அதைவிட அதிகம். அபராதத்தைக் கட்டிவிட்டு மிச்சக் காசுக்கு டீகூடக் குடித்துவிட்டுப் போகலாம். இந்தத் தொகையை இத்தனை காலமாக உயர்த்தாமல் வைத்திருப்பது வெட்கக்கேடு. 2018இல் வந்த விதிகளின்படி செல்லப்பிராணி விற்கும் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவோடு ஒரு நிபந்தனையையும் சேர்க்கலாம்: நீளமுடிக் குட்டியை விற்றால், வயதான பிறகு முடியை எப்படிப் பராமரிப்பது என்று தமிழில் அச்சடித்த ஒரு தாளையும் கூடவே கொடுக்க வேண்டும். செலவு ஒரு ரூபாய் ஆகுமா?

அரசு கால்நடை மருந்தகங்களை நான் குறை சொல்ல மாட்டேன். காலையில் போய்ப் பாருங்கள், சினை பார்க்க வந்த மாடு, கழிச்சல் கண்ட ஆடு, கோழிக்குத் தடுப்பூசி என்று வரிசை நிற்கும். பிழைப்புக்கான பிராணிகள் முதலில், அதுதான் நியாயம். நடுவில் ஒரு பூனைக்கு அரைமணி நேரம் முடி வெட்டு என்று மருத்துவரைக் கேட்க யாருக்கும் வாய் வராது. சென்னையிலும் திருச்சியிலும் செல்லப்பிராணிகளுக்கென்று சலூன்கள் இருக்கின்றன. மூட்டுவலிப் பூனையைக் கூடையில் போட்டுப் பேருந்தில் திருச்சிக்குக் கொண்டுபோகச் சொல்வது நடக்கிற காரியமா?

எங்கள் ஊரை ஒட்டிச் சிக்கலில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அந்த மாதிரி நிலையங்களின் வேலையே. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் நடக்கிறது. இந்த இரண்டில் எதுவாவது ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் தொழிலாளர்களைக் கூப்பிட்டு ஒருநாள் பயிற்சி கொடுக்கட்டும். மெஷின் பிடிக்க எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். பூனையின் தோலை எப்படிப் பிடிப்பது, எந்தப் புண்ணைப் பார்த்தால் உடனே மெஷினைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் அனுப்புவது, படர்தாமரையை எப்படி அடையாளம் காண்பது, கருவிகளை எதில் ஊறவைப்பது, இவ்வளவு சொல்லித் தந்தால் போதும். ஆண்கள் மட்டும் என்றில்லை, அழகு நிலையம் வைத்திருக்கும் பெண்களையும் கூப்பிடலாம். வயதான பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு அவர்கள் போவதே நல்லது. தாலுகாவுக்கு இரண்டு பேர் தேறினால்கூட, பயிற்சி முடித்தவர்களின் பெயரை மருந்தகத்து அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிவிடலாம்.

இதில் மானம் மரியாதை பார்க்கிற சகத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். "மனுஷன் முடியை வெட்டுனதுக்கே நம்மள என்ன பாடு படுத்துனாங்க, இப்ப பூனைக்கு வேறயா" என்று என் பெரியப்பா மகன் கேட்டார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு, அதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் வீடு வீடாகப் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்திய காலம் வேறு. இன்று நான் நேரம் சொல்கிறேன், கூலி சொல்கிறேன், பிடிக்காவிட்டால் போவதில்லை. டீச்சர் வீட்டில் மற்ற விருந்தாளிகள் உட்காரும் நாற்காலியில்தான் உட்காருகிறேன், அவர்கள் குடிக்கும் டம்ளரில்தான் காபி வருகிறது. அந்த நிபந்தனைகள் சரியாக இருந்தால் வேலை வேலைதான் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. போன வாரம் மட்டும், "அந்தச் சின்ன மெஷின் என்ன விலை?" என்று கேட்டார்.